கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை: ரிப்போர்ட் வந்துவிட்டது, அடுத்து என்ன?

லேப் ரிப்போர்ட் இப்போதெல்லாம் டாக்டர் பார்ப்பதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. பாப் ஸ்மியர் எடுத்துக்கொண்ட பெண், சமையல்கட்டில் நின்றபடியே அதைத் திறக்கிறார். புரியாத எழுத்துகளுக்கு நடுவே 'அப்நார்மல்' என்றோ 'பாசிட்டிவ்' என்றோ ஒரு சொல் கண்ணில் படுகிறது. அன்றைய தூக்கம் போச்சு. மறுநாள் சிலர் பதறியடித்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடி வருகிறார்கள். சிலர் அந்தப் பயத்திலேயே ரிப்போர்ட்டை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள். ஒரு பெண்கள் நல மருத்துவராக எனக்கு இந்த இரண்டாவது வகைப் பெண்களைப் பற்றித்தான் கவலை அதிகம்.

சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையின் 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, இந்தியாவில் ஓராண்டில் சுமார் 1.27 லட்சம் பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வந்திருக்கிறது. சுமார் 80 ஆயிரம் பேர் அதனால் இறந்திருக்கிறார்கள். கிருமி தொற்றியதிலிருந்து புற்றுநோயாக மாறுவதற்குப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் நோய் இது. வழியிலேயே பிடித்துத் தடுத்துவிட அவ்வளவு அவகாசம் இருந்தும் இத்தனை உயிர்களை இழக்கிறோம்.

அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரிப்போர்ட்டில் என்ன வந்திருந்தாலும் அதற்கு அடுத்து செய்யவேண்டியது ஒன்று உண்டு. அதைச் செய்ய ஒரு தேதியும் உண்டு. இந்த இரண்டையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் டாக்டரின் அறையை விட்டு எழுந்திருக்காதீர்கள்.

எடுத்தது எந்த டெஸ்ட்?

ரிப்போர்ட்டைப் படிப்பதற்கு முன் இது தெரியவேண்டும். நம் ஊரில் மூன்று விதமான சோதனைகள் நடக்கின்றன.

முதலாவது வி.ஐ.ஏ. ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயதைத் தாண்டிய பெண்களுக்குச் செய்வது. செவிலியர் ஸ்பெகுலம் என்ற கருவியை உள்ளே வைத்து, அசிட்டிக் அமிலத்தில் நனைத்த பஞ்சைக் கர்ப்பப்பை வாயில் ஒற்றி எடுத்து, ஒரு நிமிடம் காத்திருந்து, வெளிச்சம் அடித்துப் பார்ப்பார். மாற்றம் உள்ள இடம் வெள்ளைத் திட்டாகத் தெரியும். முடிவு அங்கேயே, அப்போதே கிடைத்துவிடும்.

இரண்டாவது பாப் ஸ்மியர். சிறு பிரஷ்ஷால் செல்களைத் தேய்த்தெடுத்து, லேபில் மைக்ராஸ்கோப்பின் கீழ் பார்ப்பது. மூன்றாவது எச்.பி.வி. டெஸ்ட். இந்தப் புற்றுநோய்க்குக் காரணமான வைரஸின் மரபணு அங்கே இருக்கிறதா என்று தேடுவது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதைத்தான் முதன்மைச் சோதனையாகப் பரிந்துரைக்கிறது.

மூன்றுமே சந்தேகத்தைச் சொல்லும் சோதனைகள். நோயை உறுதிசெய்பவை அல்ல. ராத்திரி வாசலில் நாய் குரைத்தால் திருடன் வந்துவிட்டான் என்று முடிவுகட்டிவிட மாட்டோம்; விளக்கைப் போட்டு எட்டிப் பார்க்காமல் படுக்கவும் மாட்டோம். பாசிட்டிவ் ரிப்போர்ட்டையும் அப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. "வயித்துல ஸ்கேன் எடுத்தாச்சு டாக்டர், எல்லாம் நார்மல்னுட்டாங்க" என்று பலர் சொல்கிறார்கள். கர்ப்பப்பை வாயில் தொடங்கும் இந்த ஆரம்ப மாற்றங்கள் ஸ்கேனில் தெரியாது. ஸ்கேன் நார்மல் என்பதற்காக இந்தச் சோதனையைத் தவிர்க்கக் கூடாது.

நார்மல் என்று வந்தால்

பாப் ரிப்போர்ட்டில் 'என்.ஐ.எல்.எம்.' என்று இருந்தால் புற்றுநோயோ அதற்கு முந்தைய மாற்றமோ தென்படவில்லை என்று பொருள். நிம்மதியாக இருங்கள். ஆனால் அடுத்த தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். பாப் மட்டும் எடுத்திருந்தால் 3 ஆண்டுகள் கழித்து. எச்.பி.வி. நெகட்டிவ் என்றால் 5 ஆண்டுகள் கழித்து. வி.ஐ.ஏ. என்றால், 2016இல் மத்திய அரசு வகுத்த திட்டப்படி 30 முதல் 65 வயது வரை 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை. எச்.ஐ.வி. உள்ளவர்களும், உறுப்பு மாற்று அறுவை போன்ற காரணங்களால் நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களும் இன்னும் குறைந்த இடைவெளியில் வரவேண்டும். அதை டாக்டர் சொல்வார்.

மாதவிலக்கு நின்றுபோன பெண்களுக்கு, மாற்றம் தொடங்கும் பகுதி கர்ப்பப்பை வாயின் உள்பக்கமாக நகர்ந்துவிடும். அதனால் வி.ஐ.ஏ.வில் எதுவும் தெரியவில்லை என்பதை மட்டும் அவர்கள் நம்பியிருக்க முடியாது. பாப் அல்லது எச்.பி.வி. டெஸ்ட் அவர்களுக்குப் பொருத்தம்.

இதில் ஒரு முக்கியமான விதிவிலக்கு உண்டு. தாம்பத்திய உறவுக்குப் பிறகு ரத்தம் படுவது, மாதவிலக்குகளுக்கு இடையில் ரத்தம் வருவது, மாதவிலக்கு முற்றிலும் நின்று ஓராண்டு கழித்து மறுபடி ரத்தம் காட்டுவது, நாற்றத்தோடு வெள்ளைப்படுவது ஆகியவற்றில் ஏதாவது இருந்தால், போன மாத ரிப்போர்ட் நார்மலாக இருந்தாலும் டாக்டரைப் பாருங்கள். தொந்தரவு எதுவும் இல்லாத பெண்களுக்கானவை இந்தச் சோதனைகள். தொந்தரவு இருப்பவருக்கு நேரடிப் பரிசோதனைதான் தேவை.

பயமுறுத்தும், ஆனால் பயப்படத் தேவையில்லாத சொற்கள்

'இன்ஃப்ளமேட்டரி ஸ்மியர்' என்ற சொல்லைப் பார்த்து அழுதுகொண்டு வருகிறவர்கள் ஏராளம். கர்ப்பப்பை வாயில் அழற்சி இருக்கிறது என்பதே அதன் பொருள். பூஞ்சைத் தொற்றோ வேறு கிருமித் தொற்றோ காரணமாக இருக்கலாம். காரணமே இல்லாமலும் இருக்கலாம். அரிப்பு, வெள்ளைப்படுதல் இருந்தால் மருந்து எடுத்துக்கொள்ளுங்கள். தொந்தரவே இல்லையென்றால் பெரும்பாலும் சிகிச்சைகூடத் தேவைப்படாது.

'ஸ்குவாமஸ் மெட்டாபிளாசியா' என்பது கர்ப்பப்பை வாயில் இயல்பாக நடக்கும் செல் மாற்றம். 'நபோத்தியன் சிஸ்ட்' என்பது அங்கே வரும் சிறு நீர்க்கொப்புளம், தீங்கற்றது. 'அட்ரோஃபி' என்றால் மாதவிலக்கு நின்றபின் ஹார்மோன் குறைந்து அந்த இடம் மெலிந்திருக்கிறது. 'க்ரானிக் செர்விசைட்டிஸ்' என்றால் நாள்பட்ட அழற்சி. இவற்றில் எதுவுமே புற்றுநோய் கிடையாது.

"கர்ப்பப்பை வாயில புண் இருக்குன்னு சொன்னாங்க" என்பதும் அடிக்கடி கேட்கும் வாக்கியம். உள்பக்கத்துச் சிவந்த தோல் வெளியே தெரிவதைத்தான் பல நேரம் அப்படிச் சொல்கிறார்கள். இளம்பெண்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது இயல்பு. பாப் அல்லது எச்.பி.வி. எடுத்துப் பார்த்து, அது சரியாக இருந்தால் அந்தச் சிவப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

'அன்சாட்டிஸ்ஃபேக்டரி' என்று வந்தால், எடுத்த மாதிரி போதவில்லை என்று பொருள். அதை நார்மல் என்று எடுத்துக்கொண்டு விட்டுவிடாதீர்கள். 2 முதல் 4 மாதத்துக்குள் திரும்ப எடுக்கவேண்டும். அதற்கு முந்தைய 2 நாட்கள் தாம்பத்திய உறவு, உள்ளே வைக்கும் மாத்திரை, க்ரீம் எதுவும் வேண்டாம். மாதவிலக்கு நாட்களையும் தவிர்த்துவிடுங்கள்.

பாப் ரிப்போர்ட்டில் உள்ள எழுத்துகள்

'ஏ.எஸ்.சி.-யு.எஸ்.' என்பது மாற்றம் என்று வருபவற்றில் மிகச் சாதாரணமானது. செல்கள் கொஞ்சம் வேறுமாதிரி தெரிகின்றன, காரணம் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று நோய்க்கூறு மருத்துவர் எழுதியிருக்கிறார். இதற்கு அடுத்து, முடிந்தால் எச்.பி.வி. டெஸ்ட். அது நெகட்டிவ் என்றால் ஆபத்து மிகக் குறைவு. அந்த வசதி இல்லாவிட்டால் ஓராண்டு கழித்து மறுபடியும் பாப்.

'எல்.எஸ்.ஐ.எல்.' என்றால் லேசான மாற்றம். பெரும்பாலும் புதிதாக வந்த எச்.பி.வி. தொற்றின் அடையாளம். பலருக்குத் தானே மறைந்துவிடும். பொதுவாகக் கால்போஸ்கோப்பி, அதாவது பூதக்கண்ணாடி பொருத்திய கருவியால் கர்ப்பப்பை வாயைப் பார்க்கும் சோதனை, செய்து ஒருமுறை பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். அதன் விவரம் கீழே இருக்கிறது.

'எச்.எஸ்.ஐ.எல்.' என்றால் தீவிர மாற்றம். இதுவும் புற்றுநோய் ஆகிவிடாது. ஆனால் இதைத் தள்ளிப்போடக் கூடாது. பண்டிகை முடியட்டும், பிள்ளையின் பரீட்சை முடியட்டும் என்று இருக்காமல் சில வாரங்களுக்குள் கால்போஸ்கோப்பிக்குப் போய்விடுங்கள். 'ஏ.எஸ்.சி.-எச்.' என்று இருந்தாலும் அப்படித்தான். தீவிர மாற்றமாக இருக்கலாமோ என்ற சந்தேகம் அது.

'ஏ.ஜி.சி.' அபூர்வமாகத்தான் வரும், ஆனால் அசட்டையாக விடக் கூடாதது. கர்ப்பப்பை வாயின் உட்பகுதியிலிருந்தோ கர்ப்பப்பையின் உள்சுவரிலிருந்தோ வந்த செல்களில் மாற்றம் இருக்கிறது என்கிறது. கால்போஸ்கோப்பியோடு உள்பகுதியிலிருந்தும் சதை எடுத்துப் பார்க்கவேண்டும். 35 வயதுக்கு மேல் என்றால் கர்ப்பப்பையின் உள்சுவரையும் சோதிப்பார்கள்.

எச்.பி.வி. பாசிட்டிவ்: வீட்டில் என்ன சொல்வது?

இந்த ரிப்போர்ட்டோடு வருகிற பெண்கள் உடம்பைப் பற்றிக் கேட்பதற்கு முன் குடும்பத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். "நான் என் வீட்டுக்காரரைத் தவிர வேற யாரையும் நினைச்சுகூடப் பாத்ததில்ல டாக்டர்" என்று குரல் உடைந்து சொல்கிறார்கள். இன்னும் சிலர் கணவர்மேல் சந்தேகப்பட்டுக் கொதிக்கிறார்கள்.

இரண்டுக்கும் இடம் கொடுக்க வேண்டாம். தாம்பத்திய வாழ்க்கை உள்ள பெரும்பாலான ஆண்களுக்கும் பெண்களுக்கும் வாழ்நாளில் ஒருமுறையாவது எச்.பி.வி. தொற்றியிருக்கும். வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. ஆண்டுக்கணக்கில் உடம்பில் அடங்கிக் கிடந்துவிட்டு பின்னர் சோதனையில் தெரியவும் செய்யும். இது எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்த டெஸ்ட்டாலும் சொல்ல முடியாது. இந்த ரிப்போர்ட்டை வைத்து யாருடைய ஒழுக்கத்தையும் அளக்கவும் முடியாது. கணவர் கேட்டால் இதையே சொல்லுங்கள். முடிந்தால் அவரையும் டாக்டரிடம் அழைத்து வாருங்கள். உங்கள் ரிப்போர்ட்டுக்காகக் கணவர் மருந்து எதுவும் எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

தொற்றியவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு, சுமார் இரண்டு ஆண்டுகளுக்குள் உடம்பின் எதிர்ப்பு சக்தியே வைரஸை விரட்டிவிடுகிறது. போகாமல் தங்கிவிடும் தொற்றுதான் பிரச்சினை. அதனால் ரிப்போர்ட்டில் வைரஸ் வகையின் எண் இருக்கிறதா என்று பாருங்கள். உலகில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்களில் ஏறக்குறைய 70 சதவீதத்துக்குக் காரணம் 16, 18 என்ற இரண்டு வகைகள். இவற்றில் ஒன்று இருந்தால், பாப் நார்மலாக இருந்தாலும் கால்போஸ்கோப்பி செய்துவிடவேண்டும். வேறு வகை இருந்து பாப் நார்மல் என்றால், பெரும்பாலும் ஓராண்டு கழித்து மறுபடி எச்.பி.வி. எடுக்கச் சொல்வார்கள். அப்போதும் பாசிட்டிவ் என்றால் கால்போஸ்கோப்பி.

தடுப்பூசி போட்டால் இது போய்விடுமா என்று கேட்கிறார்கள். ஏற்கெனவே உள்ள தொற்றைத் தடுப்பூசி குணப்படுத்தாது. அதை உங்கள் மகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள் போட்டுவிடுங்கள். அப்போதுதான் பலன் அதிகம். தடுப்பூசி போட்டவர்களும் உரிய வயதில் பரிசோதனைக்கு வரவேண்டும்.

வி.ஐ.ஏ. பாசிட்டிவ் என்றால்

வெள்ளைத் திட்டு தெரிந்தது என்று பொருள். அழற்சி இருந்தாலும் வெண்மை தெரியலாம்; அதனால் இதில் பாசிட்டிவ் ஆன பலருக்கு அடுத்த கட்டத்தில் ஒன்றும் இருப்பதில்லை. அரசு மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். சில இடங்களில், திட்டு முழுவதும் தெளிவாகத் தெரிந்து புற்றுநோய்ச் சந்தேகமும் இல்லையென்றால், அப்போதே அந்த இடத்தைச் சுட்டு அழித்துவிடும் சிகிச்சையும் தருவார்கள். அந்தச் சீட்டு மணிபர்ஸிலேயே மடிந்து கிடக்கக் கூடாது.

கால்போஸ்கோப்பி: உள்ளே என்ன செய்வார்கள்?

பெயர்தான் பெரிது. பாப் எடுத்தபோது எப்படிப் படுத்தீர்களோ அப்படியே படுக்கவேண்டும். பூதக்கண்ணாடி பொருத்திய கருவி உடலுக்கு வெளியேதான் இருக்கும். உள்ளே நுழைவது ஸ்பெகுலம் மட்டும். அசிட்டிக் அமிலம் படும்போது லேசாக எரியும். சந்தேகமான இடம் இருந்தால் அரிசி அளவுக்குச் சதை எடுப்பார்கள். ஒரு சுருக்கென்ற வலி, அவ்வளவுதான். மொத்தம் கால் மணி நேரம். மயக்க மருந்து வேண்டாம், பட்டினி கிடக்க வேண்டாம், அன்றே வீடு திரும்பலாம். ரத்தத்தை நிறுத்தத் தடவும் மருந்தால் சில நாட்கள் பழுப்பாகவோ கறுப்பாகவோ படும், பயப்பட வேண்டாம். நாப்கின் நனையும் அளவுக்கு ரத்தம் போனாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே திரும்பி வாருங்கள்.

கர்ப்பிணிகளுக்கும் கால்போஸ்கோப்பி செய்யலாம், குழந்தைக்கு ஆபத்தில்லை. புற்றுநோய் என்று சந்தேகம் இல்லாவிட்டால் சிகிச்சையைப் பிரசவத்துக்குப் பிறகு வைத்துக்கொள்வார்கள்.

சதை டெஸ்ட் முடிவு: சி.ஐ.என். 1, 2, 3

இங்கே வரும் எண்கள் புற்றுநோயின் ஸ்டேஜ் அல்ல. பலர் இவற்றைக் குழப்பிக்கொண்டு, 'மூணாவது ஸ்டேஜ்' என்று வீடே இடிந்து போய்விடுகிறது. சி.ஐ.என். என்பது புற்றுநோய்க்கு முந்தைய நிலை. மாற்றம் மேல்தோலின் எவ்வளவு ஆழம் வரை இருக்கிறது என்பதைத்தான் அந்த எண் காட்டுகிறது.

சி.ஐ.என். 1 பெரும்பாலும் தானே சரியாகிவிடும்; ஓராண்டில் மறு சோதனை போதும். சி.ஐ.என். 2, 3 வந்தால் சிகிச்சை எடுத்துக்கொள்ள வேண்டும். குழந்தை பெறவேண்டிய வயதில் இருக்கும் பெண்ணுக்கு சி.ஐ.என். 2 மட்டும் இருந்தால், டாக்டரின் கண்காணிப்பில் சிலகாலம் பொறுத்துப் பார்ப்பதும் உண்டு.

சிகிச்சை எடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் கசப்பான சான்று இருக்கிறது. 1960கள், 70களில் அங்கே சி.ஐ.என். 3 இருந்த பெண்கள் சிலருக்கு முறையான சிகிச்சை தராமல் வெறுமனே கவனித்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் அது பெரும் விசாரணையாக வெடித்தது. 2008இல் வெளியான ஆய்வு அந்தப் பெண்களின் கதியைக் கணக்கிட்டது: 30 ஆண்டுகளில் நூற்றுக்கு 31 பேர் அளவுக்குப் புற்றுநோய் வந்திருந்தது. முறையான சிகிச்சை பெற்றவர்களிடம் அது நூற்றுக்கு ஒருவரைக்கூட எட்டவில்லை.

அந்தச் சிகிச்சையும் பெரிய அறுவை இல்லை. மாற்றம் உள்ள இடத்தை உறையவைத்தோ சுட்டோ அழிப்பார்கள். அல்லது மரத்துப்போக ஊசி போட்டு, மின்சாரம் பாயும் மெல்லிய கம்பி வளையத்தால் அந்த இடத்தை மட்டும் சீவி எடுப்பார்கள். பெரும்பாலும் அன்றே வீட்டுக்குப் போய்விடலாம். அதன்பிறகும் குழந்தை பெறலாம். ஆழமாக எடுத்திருந்தால் குறைப்பிரசவ வாய்ப்பு சற்றுக் கூடும் என்பதால், அடுத்து கர்ப்பமானதும் டாக்டரிடம் இதை மறக்காமல் சொல்லுங்கள்.

"எதுக்கும்மா ரிஸ்க்கு, கர்ப்பப்பையையே எடுத்துடலாமே?"

பிள்ளை பெற்று முடித்த பெண் என்றால் மாமியாரிலிருந்து பக்கத்து வீட்டு அக்கா வரை சொல்லும் யோசனை இது. அழற்சிக்காகவோ, 'புண்' என்று சொன்னதற்காகவோ, எச்.பி.வி. பாசிட்டிவ்வுக்காகவோ, சி.ஐ.என். 1க்காகவோ கர்ப்பப்பையை எடுக்கக் கூடாது. சி.ஐ.என். 3க்குக்கூட அது முதல் சிகிச்சை இல்லை.

இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. சரியாகச் சோதிக்காமல் கர்ப்பப்பையை எடுத்து, அதன்பிறகு வரும் ரிப்போர்ட்டில் உள்ளே புற்றுநோய் இருந்தது தெரியவந்தால், சிகிச்சை சிக்கலாகிவிடும். புற்றுநோய்க்குச் செய்யும் அறுவை வேறு, சாதாரணமாகக் கர்ப்பப்பையை எடுப்பது வேறு. எந்தக் காரணத்துக்காக எடுப்பதாக இருந்தாலும், அதற்கு முன் கர்ப்பப்பை வாயைச் சோதித்தார்களா என்று கேளுங்கள்.

ஏற்கெனவே எடுத்துவிட்டவர்கள் டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடிப் பாருங்கள். கர்ப்பப்பை வாயை விட்டுவிட்டு மேல்பகுதியை மட்டும் எடுத்திருந்தால், உங்களுக்குப் பரிசோதனை இன்னும் தேவை. சி.ஐ.என். 2, 3க்காக எடுத்திருந்தாலும் தொடர்ந்து பார்க்கவேண்டும்.

சதை டெஸ்ட்டில் புற்றுநோய் என்றே வந்துவிட்டால், நேராகப் புற்றுநோய் மருத்துவருக்குப் போங்கள். ஆரம்ப நிலையில் கண்டுபிடித்தால் குணமாகும் வாய்ப்பு மிக அதிகம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சையும் இருக்கிறது.

டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கவேண்டியவை

எனக்கு எடுத்தது எந்த டெஸ்ட், முடிவு என்ன? அடுத்து செய்யவேண்டியது என்ன? அதை எந்தத் தேதிக்குள், எங்கே செய்யவேண்டும்? தேதிக்கு முன்பே வரவேண்டிய அறிகுறிகள் எவை? இந்த நான்கையும் ரிப்போர்ட்டின் பின்பக்கமே எழுதித் தரச் சொல்லுங்கள். பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். அடுத்த முடிவைப் படிக்கும்போது டாக்டருக்கு முந்தைய முடிவும் தேவை.

சிகிச்சை முடிந்தவர்களும் வருவதை நிறுத்தக் கூடாது. 6 மாதத்திலோ ஓராண்டிலோ முதல் மறு சோதனை இருக்கும். சி.ஐ.என். 2, 3 வந்து குணமானவர்களுக்கு, இடைவெளி கூடினாலும், 25 ஆண்டுகள் வரை கண்காணிப்பு தேவை.

இதெல்லாம் நம் கிராமத்துப் பெண்களுக்கு நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்குத் திண்டுக்கல் மாவட்டம் பதில் சொல்லியிருக்கிறது. 2000ஆம் ஆண்டு தொடங்கி அங்கே கிராமங்களில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் வி.ஐ.ஏ. செய்தார்கள், மாற்றம் தெரிந்தவர்களுக்குக் கால்போஸ்கோப்பியும் சிகிச்சையும் கொடுத்தார்கள். 2007இல் 'லான்செட்' இதழில் வெளியான முடிவின்படி, பரிசோதனைத் திட்டம் நடந்த ஊர்களில், நடக்காத ஊர்களைவிட இந்தப் புற்றுநோய்ச் சாவு 35 சதவீதம் குறைந்திருந்தது. அங்கே உயிர் பிழைத்தவர்கள், பாசிட்டிவ் என்று சொன்னபிறகும் பயந்து ஒதுங்காமல் அடுத்த கட்டத்துக்கு வந்த பெண்கள்.

உங்கள் பீரோவிலோ போனிலோ அப்படியொரு ரிப்போர்ட் திறக்கப்படாமல் கிடந்தால், அது ஓராண்டு பழையதாகவே இருந்தாலும் பரவாயில்லை, இந்த வாரமே எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். தாமதமாக வந்ததற்காகத் திட்டுவார்களோ என்று தயங்காதீர்கள். உங்கள் அம்மாவோ அக்காவோ தயங்கினால், கூடவே போய் உட்காருங்கள்.